வாசலில் சொட்டிய பச்சைத் தண்ணீர்

இன்று காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். எஞ்சின் நன்றாக ஆறித்தான் இருந்தது. நேற்று மதியத்திலிருந்து வண்டியை யாரும் எடுக்கவில்லை. இருந்தாலும் நீங்கள் செய்வதுபோலவே பழைய துண்டை நாலாக மடித்து மூடியின்மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திருகினேன். மூடி கையோடு வந்ததும் அந்த வாடை வந்தது. வெல்லப்பாகில் இரும்புக் கரண்டியைப் போட்டு மறந்துவிட்டால் மறுநாள் வருமே, அந்த மாதிரி ஒரு தித்திப்பு. இந்த வாசலில் அந்த வாடை வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "டீச்சர், மயக்கமா வருது?" என்று ஓடிவந்தாள். "இல்லம்மா, கீழ ஒரு ஸ்குரூவைத் தேடறேன்" என்றேன்.

பொய் எனக்கு இப்போதெல்லாம் சுலபமாக வருகிறது. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டியவள். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்; அன்றிலிருந்து பிடித்தது இது. இன்று அதை எழுதிவிடப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேலை எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள்.

பிளாஸ்டிக் பேசினை வண்டிக்கு அடியில் தள்ளி, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்தேன். அதற்கு நீங்கள் வைத்த பெயர் மதகு. ஆற்றுப்பாசனத்தில் லஸ்கர் வேலை பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்! விடிவதற்குள் மதகைத் திறப்பது, முறை முடிந்தால் இறக்குவது, கரைமேல் நடந்து எங்காவது நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பது. குடவாசல் சுற்றுவட்டாரத்தில் எந்த வாய்க்கால் எங்கே கசியும் என்று உங்களைக் கேட்டால் போதும் என்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. பழைய கார் ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து, தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்ப்பீர்கள். "சாமி கும்பிட மாட்டாரு, வண்டிக்கு மட்டும் தோப்புக்கரணம் போடுவாரு" என்று நான் சொல்லாத ஆள் இல்லை.

எஞ்சினைக் குளிரவைக்கும் பழைய கூலண்ட் பேசினில் இறங்கியபோது பச்சையாக இல்லை. செம்மண் கலந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மெக்கானிக் அவசரத்துக்கு ஊற்றிவிட்டுப் போனது. இதுவரை அதுதான் ஓடியது. மதகை மூடி, நல்ல தண்ணீர் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். வெளியே வைகாசி வெயில், உள்ளே ஹீட்டர். இந்த இடத்தில்தான் முன்பெல்லாம் நான் சண்டைக்கு வருவேன். நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பீர்கள், கார் ஓட்டத் தெரியாத என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வீர்கள்.

"இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்குங்க? என்னை அவிச்சு எடுக்கப் போறீங்களா?"

"அதுவும் ஒரு கிளை வாய்க்கால்தான் டீச்சரம்மா. அதைத் தொறக்காம விட்டா பழைய தண்ணி அங்கேயே தங்கிடும். மெதுவா மிதி. தப்பான கணக்கை அடிக்கிற மாதிரி மிதிக்காத."

அப்படி மூன்று தடவை ஊற்றி, மூன்று தடவை வடித்து, நாலாவது தடவை வருகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பீர்கள். குடிக்கிற தண்ணீர்போல இருந்தால்தான் கூலண்ட் டப்பாவையும் அதில் கலக்கப் பேட்டரித் தண்ணீர் கேனையும் எடுப்பீர்கள். வடித்த பழையதில் ஒரு சொட்டைக்கூட வாய்க்காலில் விடமாட்டீர்கள். "தித்திப்பா இருக்கும், ஆடு நாய் நக்கிடும். நக்கினா அவ்வளவுதான்" என்று கேனில் அடைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். நானும் இன்று அடைத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஐந்து தடவை பிடித்தது. உங்கள் கைக்கு நாலு, என் கைக்கு ஐந்து. கடைசியில் கூலண்ட் ஊற்றும்போது ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை மூடியைப் போடவில்லை. சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன், நீங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்த எட்டு நாளுக்கு வருகிறேன்.

உங்களுக்கு அறுபது முடிய மூன்று மாதம் இருந்தது. திருக்கடையூரில் கல்யாணம் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நம் கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது. உங்கள் அப்பா படுக்கையில் கிடந்தார், மேளம்கூட வைக்கவில்லை. ஒரு தடவையாவது நாதஸ்வரம் வாசிக்க நீங்கள் எனக்குத் தாலி கட்ட வேண்டும் என்று இருந்தேன். இதை நான் உங்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆம்பளைக்குத் தானாகத் தெரியவேண்டும் என்று ஒரு திமிர். நீங்கள் அன்று சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வயசுல மாலையும் கழுத்துமா நிக்கணுமா? சிரிப்பானுங்க. அதுவும் தண்ணி முறை ஓடுற நேரத்துல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள். அவ்வளவுதான். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு வைத்தேன், துணி துவைத்தேன், வாயைத் திறக்கவில்லை. நீங்களும் இரண்டு நாள் ஏதோ கேட்டுப் பார்த்தீர்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு டூவீலரில் வேலைக்குப் போய்வந்தீர்கள். எட்டாம் நாள்வரை காரை எடுக்கவில்லை.

அதில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, விடியற்காலை நான் வாசல் தெளிக்க வந்தபோது, காரின் முன்சக்கரத்துப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. பச்சையாக, கொழகொழவென்று. காரின் முன்பக்கம் முடிகிற இடத்தில்தானே நான் கோலம் போடுவேன். அந்த ஈரம் வழிந்து முந்தின நாள் கோலத்தில் பாதி வரைக்கும் வந்திருந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் இதே மாதிரி கறுப்பாக ஒரு சொட்டு இருந்தது, ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து உங்களை எழுப்பினேன். "ஏங்க, வாசல்ல கறுப்பா என்னமோ ஒழுகியிருக்கு." நீங்கள் கைலியைக்கூடச் சரியாகக் கட்டாமல் எழுந்து வந்து பார்த்து, எண்ணெய் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து, அன்றே பட்டறைக்குக் கொண்டுபோனீர்கள். திரும்பி வந்து, "எனக்கு முன்னாடி வாசலைப் பாக்கறது நீதான். உன் கண்ணுதான் நம்ம வண்டிக்குக் காவல்" என்றீர்கள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பச்சையாக இருப்பது கூலண்ட் என்று தெரியும். ஒழுகினால் சொல்லவேண்டும் என்று தெரியும். ஆனால் சொல்ல வேண்டுமானால் நான் முதலில் பேச வேண்டும். நானாக ஏன் பேச வேண்டும்? "இவரு வண்டி அழுதாலும் நான்தான் துடைக்கணுமா" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினேன். சாணம் கரைத்துத் தெளித்தேன். அதன்மேல் புள்ளி வைத்துக் கோலம் போட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நீங்கள் எழுந்து வந்து வழக்கம்போல வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடியில் பார்க்கும்போது தரை முழுக்கத் தெளித்த ஈரமாகத்தான் இருக்கும். எது வண்டி விட்ட ஈரம், எது நான் விட்ட ஈரம் என்று யாரால் பார்க்க முடியும்? ஆற்றங்கரையில் நண்டு வளையைக் கண்டுபிடிக்கிறவர் சொந்த வாசலில் ஏமாந்துபோனது இப்படித்தான். நான் உள்ளே அடுப்படி ஜன்னல் வழியாக நீங்கள் குனிவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. நாலைந்து தடவை.

எட்டாம் நாள் காலை நீங்கள் வேலைக்குப் போகவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். வாய்வு என்றீர்கள், சோடா கேட்டீர்கள். வேர்வை நெற்றியில் இல்லை, கழுத்தில் ஊற்றியது. அதைப் பார்த்ததும் என் ரோஷமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"கெளம்புங்க, கும்பகோணம் போயிடுவோம். ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்."

"அதெல்லாம் எதுக்கு, ஊரே வாசல்ல வந்து நிக்கும். நானே ஓட்டறேன். அரை மணி நேரந்தான்."

பாதி வழிகூடத் தாண்டவில்லை, முள் சிவப்புக்கு ஏறியது. வாய்க்கால் மதகு ஒன்றின் பக்கத்தில், புங்கமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். பானெட்டைத் திறந்ததும் ஆவி குப்பென்று வந்தது. நான், போகிற வண்டி எதையாவது நிறுத்துகிறேன் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. "பத்து நிமிஷம் ஆறட்டும். சூட்டோட மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும், சூட்டோட ஓட்டினா எஞ்சின் போயிடும். ஆறினதும் தண்ணி ஊத்திக்கிட்டுப் போயிடலாம். வலி இப்போ பரவாயில்ல." நான் சரி என்று உட்கார்ந்தேன். எஞ்சின் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? நாலு பேர் பார்க்கச் சாலை நடுவில் போய்ப் படுத்திருந்தால்கூட ஒரு வண்டி நின்றிருக்கும். எட்டு நாள் கழித்து நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குச் சுகமாக இருந்தது. அதனாலும்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதகுக் கட்டையில் சாய்ந்துகொண்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இன்னும் கோவமா டீச்சரம்மா?" இல்லை என்று தலையாட்டினேன். "சரி, திருக்கடையூர் போவோம். மேளம் நல்ல மேளமா வைப்போம். போறதுக்கு முன்னாடி கூலண்ட் மாத்திடணும், அவ்வளவு தூரம் போகணும்ல." நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டீர்கள்:

"எங்கேந்து போயிருக்கும் தண்ணி? தெனம் குனிஞ்சு பாத்தேனே. தரை சுத்தமாத்தானே இருந்துச்சு?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

"நான்தான் எங்கேயோ கவனிக்காம விட்டிருக்கேன்" என்றீர்கள். "என் தப்புதான். உன்னை வேற இப்படி ரோட்டுல உக்கார வெச்சுட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இல்லைங்க, நான்தான் தினமும் கழுவிவிட்டேன் என்று ஒரு வரி. நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள், 'போடி கிறுக்கி' என்று சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். இப்போதுதானே சமாதானம் ஆனோம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருவோம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பத்து நிமிஷம் இருபத்தைந்து ஆனது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தீர்கள். அப்புறம் சாய்ந்தீர்கள். நெல் மூட்டை ஏற்றிவந்த மினிலாரிக்காரர் ஒருவர் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப்போட்டுவிட்டு உங்களைத் தூக்கிப் படுக்கவைத்து ஓட்டினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமேம்மா" என்றார். எல்லாரிடமும் சொல்வதுதானோ என்னவோ. என்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

காரியம் முடிந்த மறுநாள் மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கீழ் ஹோஸ் வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன் என்றார். "ஒரு வாரமாவது சொட்டியிருக்கும் டீச்சர். வாசல்ல ஈரம் எதுவும் பாக்கலையா?" நம் மகள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் "இல்லப்பா" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் உங்கள் தலையில் போய் உட்கார்ந்தது. உங்கள் அக்கா, "வண்டி வண்டின்னு கெடந்தான், அதையும் ஒழுங்காப் பாக்கல, அதுவே அவனைக் கொண்டுபோச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மகள் அதைவிட ஒரு படி மேலே போனாள். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "ஊருக்கெல்லாம் கசிவு பாத்தீங்க, சொந்த வண்டியைப் பாக்கல. உயிரைவிட எஞ்சின் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்று கத்தினாள். வருஷத் திதிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். உங்களைப் பற்றிய அத்தனை பேச்சும் என் காதுபட நடந்தது, நான் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காரை விற்றுவிடு என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நான் மாட்டேன் என்று நின்று, ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சி கொடுத்தவர் கும்பிடு போட்டுவிட்டார், அது வேறு கதை. ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவளுக்குப் புரியவில்லை. வண்டியை விற்றுவிட்டால் நான் செய்ததற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். இருந்தால் வலிக்கிறது, இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். எனக்கு மறக்க உரிமை இல்லை.

இன்று வேலை முடிந்து கை கழுவிவிட்டு உள்ளே வந்தேன். ஈரம் காயுமுன் போனை எடுத்துவிட்டேன், இல்லையென்றால் இன்னொரு வருஷம் போய்விடும்.

"என்னம்மா, சாப்ட்டியா?" என்றாள் மகள்.

"அப்பா கவனிக்காம விடல. தெனமும் பாத்தாரு. நான் ஒழுகினதைப் பாத்துட்டுப் பேசாம கழுவிவிட்டேன். அஞ்சாறு நாளும்."

அவள் மெல்லக் கேட்டாள். "மெக்கானிக் கேட்டப்போ நானும் பக்கத்துலதானே இருந்தேன்?"

"ஆமா."

"அப்பா படத்துக்கு முன்னாடி நான் கத்தினப்போ?"

"நானும் அங்கதான் இருந்தேன்."

"கேட்டுக்கிட்டு நின்னியாம்மா நீ?" என்றாள். அவள் குரல் குழந்தையில் இருந்ததுபோல ஆகிவிட்டது. நான் ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நாளைக்கு உங்கள் அக்காவிடம் நேரில் போய்ச் சொல்வேன். அவர் வாய் உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சேரட்டும், அதற்குத்தானே அவரிடம் போகிறேன்.

சற்று முன் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் வீட்டில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதில் முல்லைச்சரம் போட்டிருக்கிறது. கீழே, "அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்று ஒரே வரி.

எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்கவும் மாட்டேன். உங்களுக்குச் சேரவேண்டியது உங்களிடம் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் நீங்கள் சுமந்தது இனி என்னோடு இருக்கும், இருக்கும் நாள்வரை இருக்கும். ஏங்க, கனமாகத்தான் இருக்கிறது.